மறுபடியும் உள்நுழையவும்

மறுபடியும் வெளிய தள்ளிருச்சு. ரத்த வகைன்னு கேட்ட கட்டத்துல ஓ பாசிட்டிவ் போட்டாச்சு, அடுத்து மருத்துவப் பரிசோதனைக்கு எந்தத் தேதின்னு அம்புக்குறிய அமுக்கணும், விரல் அமுங்குறதுக்குள்ள பக்கம் ஒரு வெட்டு வெட்டி வெள்ளையாகி, அந்தப் பழைய நீலக் கட்டம் வந்து நின்னுச்சு: உங்கள் அமர்வு முடிந்தது, மறுபடியும் உள்நுழையவும். ஜெனோவாவுக்கு இது நாலாவது தடவ. மணி ரெண்டே முக்கால். அஞ்சு மணிக்குள்ள கடைசிப் பக்கம் வரைக்கும் போயி, ‘என் இடத்தை உறுதி செய்கிறேன்’ங்கற பச்சைப் பட்டன அமுக்கிட்டா ஹார்பர் கிரேன் ஓட்டுற பயிற்சியில பொம்பளப் பிள்ளைகளுக்குன்னு ஒதுக்குன பதினாலு இடத்துல பதினாலாவது இடம் அவளுக்கு. அமுக்கலன்னா அஞ்சு அடிச்ச மறு நிமிஷம் அது அடுத்த ஆளுக்குப் போயிரும், காத்திருப்புப் பட்டியல்ல ஒண்ணாம் நம்பருக்கு. அவ்வளவுதான் சமாச்சாரம், ஒரு பட்டன். ஆனா பட்டனுக்கு முன்னாடி ஆறு பக்கம் இருக்கு, ஆறையும் ஒரே மூச்சுல முடிக்கணும், நடுவுல வெளிய வந்தா நிரப்புனதெல்லாம் போச்சு, மறுபடி பேரு, அப்பா பேரு, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பருன்னு அரிச்சுவடிலேர்ந்து ஆரம்பிக்கணும். சரி, நெட்டா இருக்கும்னு நெனச்சா. கடை மோடத்த புடுங்கிச் சொருகுனா, பச்சை லைட்டு ரெண்டும் கண்ணச் சிமிட்டிட்டு ஒழுங்கா நின்னுச்சு. அப்ப ஹிஸ்டரிய அழிச்சிட்டுப் பாப்போம். அழிச்சா. வேற பிரவுசர்ல போவோம். போனா. சிஸ்டத்துல கடிகாரம் தப்பா இருந்தாக்கூட இப்படிப் பண்ணும்னு எங்கயோ படிச்சது ஞாபகம் வந்து அதையும் பாத்தா, கடிகாரம் சரியாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு சரியா இருந்தது அது ஒண்ணுதான், அதுவும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

கடையில வேற கூட்டம். அவ வேல பாக்குற மாசிலாமணி அண்ணாச்சியோட ஜெராக்ஸ் கடை சாதாரண நாளுலயே ஒரு மாதிரி, இன்னிக்குப் பதினொண்ணாம் வகுப்புச் சேர்க்கை ஆரம்பம், அம்மாவும் பிள்ளையுமா வாசல்படி வரைக்கும் நிக்காங்க, ஒவ்வொருத்தரு கையிலயும் ஒரு பிளாஸ்டிக் கவரு, கவருக்குள்ள அவங்க குடும்பமே மடிச்சு வச்சிருக்கு, சாதிச் சான்று, மாற்றுச் சான்று, ஞானஸ்நானச் சான்று. எக்கா இது ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வருமா. வரும் தாங்க. எம்மா இந்தப் போட்டோவுல என் மகன் கண்ணு மூடியிருக்கானே, திறந்து குடுக்க முடியுமா. முடியாதும்மா, வேற எடுத்துட்டு வாங்க. வாய் ஒரு பக்கம் பேசுது, கை ஒரு பக்கம் தாள அடுக்குது, கண்ணு மட்டும் மூலையில அந்த நீலக் கட்டத்து மேலயே. அஞ்சாவது தடவ உள்ள போனா. பேரு. அப்பா பேரு: சவேரியார் பிச்சை. அப்பா நேத்து வரைக்கும் தங்குகடல்ல மீன் புடிச்சிட்டிருந்தாரு, எட்டு நாளு, அவரு கரைக்கு வந்து சரின்னு சொல்லாம அமுக்க மனசு வரல, அதான் இவ்வளவு தாமசம், இல்லன்னா திங்கக்கிழமையே முடிஞ்சிருக்கும். காலையில கஞ்சிக்கு முன்னாடி உக்காந்திருந்தவருகிட்டச் சொன்னா. அம்மா அடுப்படியிலேர்ந்து, கிரேன்ல ஏறுற பிள்ளையக் கெட்டிக்கிட எவன் வருவான்னு கேட்டா. அப்பா அதக் காதுலயே வாங்கல. எத்தன அடி உசரம்னு கேட்டாரு. நூத்திமுப்பதுன்னா. கஞ்சியில உப்பக் கரைச்சுக்கிட்டே, “ஏறுறதுன்னா ஏறு. கீழ பாக்காத”ன்னாரு. அப்பாவுக்குத் தெரியாது, கீழ பாக்குறதுதான் அங்க வேலையே. கிரேன் ஓட்டுறவங்க உக்காருற கூண்டுக்குத் தரையே கண்ணாடி. ரெண்டு காலுக்கும் நடுவுல கப்பல் தெரியும், கப்பலுக்குள்ள கன்டெய்னர் பொட்டி தெரியும், பொட்டியோட நாலு மூலையிலயும் நாலு ஓட்ட, அந்த நாலு ஓட்டைக்குள்ள நாலு கொக்கி ஒரே நேரத்துல போயி உக்காரணும், ஊசியில நூல் கோக்குற மாதிரி, ஆனா ஊசி கீழ மிதந்துக்கிட்டு ஆடும், நூலு மேல காத்துல ஆடும். அதச் சொன்னா அப்பா சரின்னுருப்பாரா. சொல்லல. சொல்லாம வாங்குன சரிதான் அது. அதனாலதான் தள்ளுதோ. பக்கம் மூணு வெள்ளையாச்சு. மறுபடியும் உள்நுழையவும்.

ஆறாவது தடவ பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தா உதட்டுல சொல்லிக்கிட்டே அடிச்சா. இந்த பாஸ்வேர்டு விஷயத்துல ஜெனோவாவுக்கு ஒரு தலைக்கனம் உண்டு. அவதான் இந்தக் கடையில அந்த முறையக் கொண்டுவந்தவ. முன்னாடியெல்லாம் ஒவ்வொருத்தரும் வாய்க்கு வந்தத வச்சிட்டுப் போவாங்க, அடுத்த மாசம் வந்து, தங்கச்சி மறந்துட்டேன், அந்த ஓடிபி வர்ற நம்பரு எம் மருமகன்கிட்ட இருக்கு, அவன் குவைத்துல இருக்கான்னு நிப்பாங்க. இவ ஒரே சட்டம் போட்டா: பேரோட மொத நாலு இங்கிலீஷ் எழுத்து, அதுல முதலாவது பெருசு, அப்புறம் ஒரு அட் குறி, அப்புறம் பொறந்த வருஷம். முடிஞ்சது. யாரு வந்து நின்னாலும் பேரையும் வருஷத்தையும் கேட்டு இவளே கதவத் திறந்துருவா. கடலோரத் தெருவுல பாதி வீட்டுக்குச் சாவி இவ தலைக்குள்ள. அப்படிச் செய்யக் கூடாதுன்னு தெரியும், தெரிஞ்சும்தான், ஏன்னா அது நடக்குது, தப்பில்லாம நடக்குது. கூட்டாளி விண்ணரசியும் இவளும் இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டது இதே நாற்காலியில, ஒரே சாயங்காலம், ஒரு நாற்காலியில ரெண்டு பேரும் பாதிப் பாதி உக்காந்து. அப்ப மட்டும் சட்டத்த மாத்துனாங்க. நமக்குத் தனிட்டின்னு விண்ணரசிதான் சொன்னா. இவ பேருல நாலு எழுத்து, நடுவுல அட், அவ பேருல நாலு எழுத்து. ரெண்டு கணக்குக்கும் அதே பாஸ்வேர்டு. ஒரு சாவி, ரெண்டு பூட்டு. நீ மறந்தா நான் சொல்லுவேன், நான் மறந்தா நீ சொல்லுன்னு அவ சிரிச்சா. விண்ணரசி இறால் கம்பெனியில தலை கிள்ளுறவ, ஐஸ்ல கெடந்து விரலெல்லாம் வெளுத்து ஊறிப்போயி, போன்ல கைரேகை வச்சாத் திறக்காது, எல்லாத்துக்கும் எழுத்துதான் அடிக்கணும் அவளுக்கு. அவ விரலப் பத்தி இப்ப எதுக்கு நெனக்கேன். உள்ள போயாச்சு, பேரு, அப்பா பேரு, சீக்கிரம்.

நெனக்கக் கூடாதுன்னா அதுதான வரும். திங்கக்கிழம பட்டியல் வந்தப்பவும் ரெண்டு பேரும் இதே திரை முன்னாடிதான் நின்னாங்க. பதினாலாவது பேரு ஜெனோவா. அதுக்குக் கீழ ஒரு கோடு. கோட்டுக்குக் கீழ காத்திருப்பு ஒண்ணு, விண்ணரசி. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, மார்க்குல அரை வித்தியாசம், நடுவுல ஒரு கோடு. விண்ணரசி அந்தக் கோட்டுல விரல வச்சுத் தேச்சுப் பாத்தா, அழியுமான்னு பாக்குற மாதிரி, அப்புறம், “நீ போகலன்னா எனக்குத்தாம்ட்டி”ன்னு சொல்லிச் சிரிச்சா. அது கேலி. அவ எப்பவும் பேசுறதுதான். ஜெனோவாவுந்தான் சிரிச்சிருக்கணும். சிரிக்கல. ஏன் சிரிக்கலன்னு இந்த நிமிஷம் வரைக்கும் அவளுக்கே தெரியல, சிரிக்கிறதுக்குப் பதிலா, கடையில வேல இருக்குட்டின்னு சொல்லிட்டா. விண்ணரசி முகம் ஒரு நொடி அப்படியே நின்னுச்சு, சிரிப்பு மேல இருந்துச்சு, கண்ணு உள்ள போயிருச்சு. சரிட்டின்னு போனவதான். செவ்வா பேசல. புதன் பேசல. இன்னிக்கு வியாழன். மூணு நாளு பேசாம இருந்தது பிறந்ததுலேர்ந்து இல்ல, அம்மை போட்டப்பக்கூட ஜன்னல் கம்பி வழியாப் பேசுன கழுதைகள். இப்ப கூப்பிட்டு, ஏட்டி சைட்டு வேல செய்யல, உன் கணக்குக்குள்ள போகுதான்னு பாருன்னு கேட்டா என்ன. ஒரு வார்த்த. கேட்டா அவ என்ன நெனப்பா. பாரு, இவளுக்கு எடம் கெடச்சது, அத அமுக்கவும் நான்தான் வேணும்னு நெனப்பா. இல்ல, நெனக்க மாட்டா. நெனப்பா. ஒருவேள அவளே, அங்ஙன உக்காந்துக்கிட்டு, அஞ்சு மணி எப்ப ஆகும்னு. ச்சே. வாயக் கழுவணும். எக்கா என் தாள் எங்கன்னு ஒரு பிள்ள கேக்குது, எந்தத் தாளுன்னு தெரியல. மிஷின்ல தாள் சிக்கிக் கெடக்கு, அண்ணாச்சி சத்தம் குடுக்காரு, ஓடிப் போயி மூடியத் தெறந்து சூட்டோட இழுத்தா, கருப்பு மையோட பாதி மாற்றுச் சான்று கையில வருது, மிச்சப் பாதி உருளைக்குள்ள. திரும்பி வந்து பாத்தா நீலக் கட்டம்.

மூணு நாப்பதுக்கு அவளுக்கு ஒரு முடிவு தோணுச்சு. கணக்குல ஏதோ கோளாறு, பாஸ்வேர்டையே மாத்திருவோம், புதுசா ஆரம்பிச்சா எல்லாம் சரியாகும். கடைக்கு வர்ற எல்லாருக்கும் அவ சொல்லுற கடைசி வைத்தியம் அதுதான், அதுக்கு மேல அவளுக்கும் தெரியாது. மறந்துவிட்டதான்னு கேக்குற எழுத்த அமுக்குனா. மறக்கல, மறக்கவே இல்ல, ஆனாலும் ஆமான்னு சொல்லணும். ஓடிபி வந்துச்சு. புதுசா என்ன வைக்கன்னு கட்டம் காலியா நின்னு கேக்கு. ஊருக்கெல்லாம் வச்சுக் குடுத்தவளுக்குத் தனக்குன்னு ஒண்ணு வரல. பேரு வச்சா எல்லாருக்கும் தெரியும், வருஷம் வச்சா எல்லாருக்கும் தெரியும், அம்மா பேரா, மாதா பேரா. கடைசியில அப்பா போற படகோட பதிவு நம்பர வச்சா. வச்சு அமுக்கும்போது ஒரு மாதிரியா இருந்துச்சு, விண்ணரசியோட நாலு எழுத்த வீட்ட விட்டு வெளிய தள்ளிக் கதவச் சாத்துன மாதிரி. பைத்தியம், வெறும் எழுத்து. மாற்றப்பட்டது, நன்றின்னு வந்துச்சு. அப்பாடான்னு நிமிர்ந்தா, அண்ணாச்சி ஒரு பெரியவரக் கூட்டிட்டு வந்து, பிள்ள, இவருக்கு மட்டும் பாத்துவிடு, தூரத்துலேர்ந்து வந்திருக்காருங்காரு. அவரு பேத்திக்கு விடுதி ஃபாரம். அஞ்சே நிமிஷம். பேத்தி பேரு, மொத நாலு எழுத்து, அட், வருஷம். அவரு ரொம்ப சந்தோசமா, நல்லா இரும்மான்னு போனாரு. ஜெனோவா தன் பக்கத்துக்கு வந்து படகு நம்பர அடிச்சா. பாஸ்வேர்டு தவறு.

தவறா. எது தவறு. இப்ப வச்ச சூடு ஆறல. கேப்ஸ் லாக் பாத்தா, லைட்டு அணைஞ்சிருக்கு. நம்பர் லாக் பாத்தா, எரியுது. அந்த ஒன்பது மேல எழுத்து தேஞ்சு, அழுத்துனா ரெண்டு தடவ விழும் சில நேரம், அதனால இருக்கும். நோட்பேடத் தெறந்து கண்ணுக்குத் தெரியுற மாதிரி அடிச்சு, எழுத்தெண்ணிப் பாத்து, அப்படியே எடுத்து ஒட்டுனா. பாஸ்வேர்டு தவறு. ஒரு நிமிஷம் அவளுக்கு நெஜமாவே சந்தேகம் வந்துருச்சு, அப்பா படகு நம்பர் அதுதானான்னு. பிறந்ததுலேர்ந்து கரையில நின்னு அந்த நம்பரத்தான தேடியிருக்கா, தூரத்துல பொட்டு மாதிரி வரும், கிட்ட வர வர நெறம் தெரியும், அப்புறந்தான் நம்பரு, அது தெரியுற வரைக்கும் அம்மா செபமாலைய விடமாட்டா. அதப்போயி தவறுங்கு. மறுபடியும் மறந்துவிட்டதா, ஆமா மறந்துட்டேன். ஓடிபி வரல. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், போன மேல தூக்கிப் பிடிச்சா, வாசலுக்குப் போயிப் பிடிச்சா. வாசல்லேர்ந்து ரோட்டுக்கு அங்கிட்டு, கட்டடத்துக்கு நடுவுல ஒரு சாண் இடைவெளி, அதுல ஹார்பர் கிரேன் ஒண்ணு தெரியும், ஒண்ணே ஒண்ணு. கைய எறக்கி வேல பாத்துக்கிட்டிருந்துச்சு. ஒரு பொட்டிக்கு ஒண்ணரை நிமிஷம். எத்தனையோ மத்தியானம் இங்ஙன நின்னு எண்ணியிருக்கா, சோத்துக் கை காய்றதுகூடத் தெரியாம, இவளுக்கு மூள கொழம்பிட்டுன்னு அண்ணாச்சி சொல்லுற வரைக்கும். அந்தக் கூண்டுக்குள்ள உக்காந்திருக்கவங்கள யாரும் வெளிய தள்ள மாட்டாங்கல்ல. நாலு பதினொண்ணுக்கு ஓடிபி வந்துச்சு, ஓடி வந்து போட்டா, நேரம் முடிஞ்ச ஓடிபின்னு சொல்லிச்சு. இன்னொண்ணு கேட்டா, வந்துச்சு, மறுபடி அதே படகு நம்பர வச்சா, மாற்றப்பட்டது நன்றி. அடிச்சா, இந்தத் தடவ உள்ள விட்டுருச்சு, பேரு, அப்பா பேரு, அவசரத்துக்குக் கூப்பிட, ரத்தம், தேதி, நாலாம் பக்கம் வரைக்கும் போயிட்டா, இதுக்கு முன்னாடி பாக்காத பக்கம், விடுதி வேணுமா வேண்டாமான்னு கேக்குது, வேண்டாம் வீடு இங்ஙனதான் இருக்குன்னு வாய் விட்டே பதில் சொன்னா. பக்கம் சுத்துது. சுத்துது. வெள்ளை. பாஸ்வேர்டு கேக்குது. அடிச்சா. தவறு.

உதவி எண்ணுன்னு ஒண்ணு கீழ போட்டிருந்துச்சு. ஒரு பொம்பள, பதிவு பண்ணி வச்ச குரலு, உங்கள் அழைப்பு முக்கியம்னு நாலு தடவ சொல்லி, அஞ்சாவதுல ஒரு ஆள் நெஜமாவே எடுத்தாரு. அவரு ரொம்பப் பதவிசா, மெயில் அனுப்புங்க சகோதரி, நாப்பத்தெட்டு மணி நேரத்துல பதில் வரும்னாரு. இவ, அஞ்சு மணிக்கு முடியுது சார்னா. ஆமாங்க சகோதரி, அஞ்சு மணிக்கு முடியுதுன்னு அவரும் ஒத்துக்கிட்டாரு. சின்ன வயசுல மாதா கோயில் மணிக்கூண்டுல பாதி ஏறி, மேலயும் போக முடியாம கீழயும் எறங்க முடியாம சுவத்த ஒட்டி நின்னது ஞாபகம் வந்துச்சு, அப்பவும் கீழேர்ந்து யாரோ பதவிசாத்தான் சொன்னாங்க, ஒண்ணுமில்ல பாப்பா எறங்கி வான்னு, எறங்குறதுன்னா எந்தக் கால மொதல்ல எடுத்து வைக்கணும்ங்கிறத மட்டும் யாரும் சொல்லல. நான் அந்த உசரத்துக்கு லாயக்கில்லன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சோ, சைட்டுக்கு, அதுக்கு எப்படித் தெரியும், எவன் சொல்லியிருப்பான். இன்னொரு தடவ அடிச்சா, மெதுவா, ஒரு எழுத்துக்கு ஒரு மூச்சு விட்டு. திரையில சிவப்பா ஒரு பட்டை வந்துச்சு.

பாதுகாப்புக் காரணங்களுக்காக உங்கள் கணக்கு ஒரு மணி நேரம் முடக்கப்பட்டுள்ளது. தவறான முயற்சிகள்: பதினொன்று. மணி நாலு முப்பத்தாறு. அப்ப திறக்குறது அஞ்சு முப்பத்தாறு. அவ்வளவுதான், முடிஞ்சது, இனி ஓடிபியும் கெடையாது, மறந்துட்டேன்னு பொய் சொல்லவும் எடமில்ல. பதினொண்ணு. அந்த நம்பரையே பாத்துக்கிட்டு நின்னா. எம்மா என் பையனுக்கு ஃபோட்டோ, பொறுங்கக்கா. பதினொண்ணா. நான் அடிச்சது நாலு. மொத ரெண்டு, நாலாம் பக்கத்துலேர்ந்து தள்ளுனதுக்கப்புறம் ஒண்ணு, இப்ப ஒண்ணு. விரல் விட்டு எண்ணுனா, மறுபடி எண்ணுனா. எண்ணுறதுல அவளுக்குத் தப்பே வராது, கிரேன்ல பொட்டி எண்ணுன கண்ணு. நாலுதான். அப்ப மிச்சம் ஏழு யாரு. என் பேர அடிச்சு, என் கதவுல நின்னு, ஏழு தடவ யாரு சாவி போட்டுப் பாத்தது. அதுக்கு முன்னாடி ரெண்டு மணிலேர்ந்து உள்ள இருந்த என்னைய ஒவ்வொரு தடவையும் வெளிய தள்ளுனது யாரு, ஒருத்தர் உள்ள வந்தா மத்தவர வெளிய தள்ளுற சைட்டு இது, தப்பு சாவி விழுந்தாலும் உள்ள இருக்கவரத் தள்ளி, சரியான சாவியையும் கொஞ்ச நேரம் தவறுங்கும், நெட்டு இல்ல, மோடம் இல்ல, கடிகாரம் இல்ல. ஆளு. பழைய சாவி வச்சிருக்குற ஆளு. அது உலகத்துலயே ஒரே ஒரு ஆளு. கோட்டுக்குக் கீழ விரல வச்சுத் தேச்ச ஆளு. நீ போகலன்னா எனக்குத்தாம்ட்டி. காது ரெண்டும் அடச்சுப்போச்சு ஜெனோவாவுக்கு, மிஷின் சத்தம் தண்ணிக்குள்ளேர்ந்து கேக்குற மாதிரி கேட்டுச்சு. அண்ணாச்சி என்னமோ கேட்டாரு, அவ தலைய மட்டும் ஆட்டுனா. போன எடுத்துக்கிட்டு மிஷினுக்குப் பின்னாடி, தாள் கட்டு அடுக்கியிருக்க சந்துக்குள்ள போனா. என்னென்ன வார்த்த கேக்கணும்னு வரிசையா வந்துச்சு, இருபது வருஷத்து வார்த்த, உங்க அம்மா செத்தப்ப யாரு வீட்டுல ஒரு மாசம் படுத்துக் கெடந்தங்கிறது வரைக்கும். கேட்டுட்டா அப்புறம் திரும்ப எடுக்க முடியாது. எடுக்க வேண்டாம். மணி நாலு நாப்பத்தொம்பது.

மொத மணியிலயே எடுத்துட்டா. போனையே கையில வச்சுக்கிட்டு இருந்தவ மாதிரி.

“என் கணக்குக்குள்ள போனியா?”

“போனேன்.”

இவ்வளவு லேசா ஒத்துக்குவான்னு ஜெனோவா நெனக்கல. அடுத்து எத எடுக்குறதுன்னு வரிசை கலைஞ்சுபோச்சு. அதுக்குள்ள விண்ணரசி மூச்சு வாங்க வாங்கப் பேச ஆரம்பிச்சிட்டா.

“கேக்காமப் போனது தப்புதான், அப்புறமா ஏசிக்கோ. அரை நாள் லீவு போட்டுட்டு வந்து, நீ அமுக்கிட்டியான்னு பாக்கத்தாம்ட்டி போனேன். பாத்தா அப்படியே கெடக்கு. ஊரான் ஃபாரத்தையெல்லாம் நிரப்பி உன்னத விட்டுருவ நீ, உன்னைய எனக்குத் தெரியாதா, கடையில இன்னிக்கு அட்மிஷன் கூட்டம் வேற. சரி நானே அமுக்கிருவோம்னு பாத்தா, ரத்த வகை வரைக்கும் போறேன், வெளிய தள்ளிருது. நீ ஓ பாசிட்டிவ்தான? பள்ளிக்கூட அட்டையில போட்டிருந்துச்சு, அத வச்சுப் போட்டேன். எத்தன வாட்டின்னு கணக்கில்ல. இப்ப பாஸ்வேர்டே தப்புங்குது. மாத்துனியா? புதுசச் சொல்லு, இன்னும் பத்து நிமிஷம் கெடக்கு, சட்டுன்னு அமுக்கிருதேன்.”

ஜெனோவா தாள் கட்டு மேல உக்காந்துட்டா. ஒரு கதவு, உள்பக்கமா நின்னு இவ இழுக்கா, வெளிப்பக்கமா நின்னு அவ இழுக்கா, ரெண்டு பேரும் திறக்கத்தான் இழுக்காங்க, மத்தியானம் முழுக்க. இவ உள்ள போகும்போதெல்லாம் அவ வெளிய விழுந்திருக்கா, நடுவீட்டுல உக்காந்து, வெளுத்துப்போன விரலால ஒவ்வொரு எழுத்தா அடிச்சு, சவேரியார் பிச்சைன்னு அப்பா பேரு அடிச்சு, அவசரத்துக்குக் கூப்பிட யாரு நம்பர் போட்டிருப்பா, தன் நம்பரத்தான் போட்டிருப்பா, வேற யாரு நம்பர் அவளுக்கு மனப்பாடம். அவ கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும்னு இவ கைய வைக்காம இருந்திருந்தா போதும். இல்ல, காலையிலேர்ந்து எப்பவாவது ஒரு போன். ஒரு வார்த்த, சைட்டு வேல செய்யலட்டின்னு. அவ சிரிச்சிருப்பா. ரெண்டரைக்கு முடிஞ்சிருக்கும். ஏழு தடவ தப்பு நீதாம்ட்டின்னு சொல்லலாம், உண்மைதான் அது, சொன்னா அவ அத எங்க கொண்டு போயி வப்பா. காலம் பூரா வச்சுக்கிட்டிருப்பா.

“ஏட்டி, சொல்லு. நேரம் போகுது.”

“சைட்டுல என் கணக்கு படுத்துருச்சுட்டி. யாரும் உள்ள போக முடியாது. நீயும் முடியாது, நானும் முடியாது.”

“அப்ப?”

கடைக்குள்ள அண்ணாச்சி யாருகிட்டயோ, அந்தப் பிள்ள இப்ப வந்துரும்மான்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. போன்ல விண்ணரசி வீட்டு மின்விசிறி கிரீச் கிரீச்சுன்னு சுத்துறது கேட்டுச்சு. என்ன சொல்லணும்னு ஜெனோவா யோசிக்கவேயில்ல, யோசிச்சிருந்தா வாயில வந்திருக்காது.

“அஞ்சு மணிக்கு மேல உனக்கு மெசேஜ் வரும். வந்ததும் உன் கணக்குல போயி அமுக்கு. ஆறு பக்கம் இருக்கு, நடுவுல எந்திரிச்சிராத. உனக்குப் பழைய பாஸ்வேர்டுதான்.”

“எனக்கு எதுக்குட்டி மெசே…”

பாதியில நின்னுபோச்சு. விண்ணரசிக்குக் கணக்கு வராதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லுவாங்க, ஆனா இந்தக் கணக்கு ஒரு நொடியில வந்துருச்சு அவளுக்கு.

“எனக்கு வேண்டாம் ஜெனோவா.”

“மெதுவா அடி. தப்பா அடிச்சா மறுபடி உடனே அடிக்காத.”

“வேண்டாம்னுதேன். நான் அதுக்காகவாட்டி போனேன்.”

“தெரியும்.” போன மறு காதுக்கு மாத்திக்கிட்டா. “நீ அமுக்கு. நான் உள்ள வரமாட்டேன்.”

போன வைக்கல ரெண்டு பேரும். காதுல வச்சபடியே ஜெனோவா எந்திரிச்சு முன்னாடி வந்து நாற்காலியில உக்காந்தா. கவுண்டருக்கு அங்கிட்டு பிளாஸ்டிக் கவரோட ஒரு அம்மாவும் மகளும், எக்கா பதினொண்ணாம் வகுப்புக்குன்னு ஆரம்பிச்சாங்க. திரையோட மூலையில அஞ்சு அடிச்சுச்சு. விண்ணரசி கணக்கு வேற, இவ கணக்கு வேற, இங்க எத அமுக்குனாலும் அங்க ஒண்ணும் ஆகாது, அது அவளுக்கு நல்லாத் தெரியும். இருந்தாலும் ரெண்டு கையையும் கீபோர்டுலேர்ந்து எடுத்து, போன தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, கைய மடியில கோத்து வச்சுக்கிட்டா. அந்தப் பக்கம் ஒரு மெசேஜ் சத்தம் கேட்டுச்சு. ஒரு நிமிஷம்மான்னு அந்த அம்மாகிட்டச் சொன்னா. ஒரு ஏழு நிமிஷம் பொறுங்க, சிஸ்டத்தத் தொடக் கூடாது.